உலக வரலாற்றைத் திருகோணமலையிலிருந்து எழுதப் பழக்குவோம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நமது கலைப்பிரிவு மாணவர்கள் உலக வரலாற்றில் ஆய்வு செய்ய முன்வருவதில்லை என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களுக்குப் போக வசதியில்லை, ஆங்கிலம் போதாது என்று கட்டுரையாளர் சொன்ன இரண்டு காரணங்களும் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு முந்திய காரணம் ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்கவும், ஆதாரத்தைச் சோதிக்கவும், கண்டதை ஒழுங்காக எழுதவும் நம் வகுப்பறைகளில் யாரும் பழக்குவதில்லை. திருகோணமலையில் நீண்டகாலம் வரலாறு கற்பித்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உயர்தர வகுப்பில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து. தனியார் வகுப்பில் கொடுக்கும் ரியூட்டில் அச்சடித்தபடியே விடைத்தாளில் இறக்கினால் புள்ளி கிடைக்கும். தரம் 6 முதல் 13 வரை வரலாறு படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் முதல் ஒப்படை கிடைத்ததும் திகைத்துப்போய், “எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதுறது மிஸ்?” என்று வந்து கேட்கும். இப்போது அந்தக் கேள்வியும் குறைந்துவிட்டது. கைபேசியிடம் கேட்டால் நாலு பந்தி வந்து விழுகிறது. அதில் எது யாருடைய கூற்று, எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பது எழுதிய பிள்ளைக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் உலக வரலாற்றைப் பழக இதைவிட நல்ல ஊர் இலங்கையில் இல்லை என்பேன். 1782 ஆம் ஆண்டை மட்டும் எடுங்கள். ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதி அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். காலந்தாழ்த்தி வந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸ் கண்டது பிரெஞ்சுக் கொடியைத்தான். செப்டெம்பர் 3 ஆம் திகதி வெளிக்கடலில் பெரும் சண்டை நடந்தது. போர் ஓய்ந்தபின் கோட்டை திரும்பவும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒரே வருடத்தில் இது ஏன் இரண்டு தரம் கைமாறியது என்று ஒரு மாணவி கேட்டால், விடை தேடி அவள் அமெரிக்கா வரை போகவேண்டும். பிரித்தானியாவை எதிர்த்து எழுந்த அமெரிக்கக் குடியேற்றங்களோடு பிரான்ஸ் கைகோத்தது. அவர்களோடு வாணிபம் செய்த ஒல்லாந்தர்மீது 1780 டிசெம்பரில் பிரித்தானியா போர் தொடுத்தது. தென்னிந்தியாவில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி ஆங்கிலேயரோடு பொருதிக்கொண்டிருக்க, அவருக்குத் துணையாக சுஃப்ரன் வந்தார். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது; எங்கள் குடாவில் ஒதுங்கலாம். ஒரு கேள்வி மூன்று கண்டங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

அடுத்த படிதான் கடினமானது, கற்பிக்க வேண்டியதும் அதுதான். இந்தச் சண்டையைப் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் அதிகாரிகள் தம் மேலிடத்துக்கு எழுதியவை. சண்டைக்குப் பிறகு சுஃப்ரன் தன் கப்டன்மாரையே குறைகூறினார். அவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது என்று கேட்காமல் அதை அப்படியே நம்பலாமா? தம்பலகாமத்து வயற்காரரும் கொட்டியாரக் கரையோரத்தவரும் அந்த வருடங்களில் என்ன பட்டார்கள் என்று அறிய வேறு ஆதாரம் தேடவேண்டும். 1786 இல் இங்கே ஒல்லாந்த அதிகாரியாக இருந்த வான் சென்டன் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். கோணேசர் கோயில் தொழும்புகளைச் சொல்லும் ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற பழைய நூல் இன்னொரு நோக்கத்தில் எழுந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றில் வருவது மற்றதில் ஏன் வரவில்லை என்று கேட்கப் பழகிய பிள்ளைக்கு வரலாறு பிடிபடத் தொடங்கிவிடும்.

மூதூரில் ஆங்கிலக் கடலோடி ரொபேட் நொக்ஸ் பிடிபட்ட மரத்தடி என்று சொல்லப்படும் இடத்தில் 1893 இல் நாட்டிய கல் ஒன்று இருக்கிறது. ‘ஆன்’ கப்பலின் தலைவர் நொக்ஸ் 1660 இல் இங்கே பிடிபட்டு, 19 ஆண்டுகள் கண்டி அரசனிடம் கைதியாக இருந்ததாக அது சொல்கிறது. உண்மையில் தந்தை, மகன் இருவர் பெயரும் ரொபேட் நொக்ஸ். கப்பல் தலைவர் தந்தை. அவர் 1661 இலேயே சிறைவாசத்தில் இறந்துபோனார். 19 ஆண்டுகள் இருந்து 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடியவர் மகன். கல் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க லண்டன் போகத் தேவையில்லை. மகன் எழுதி 1681 இல் அச்சான புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல் எப்போது நாட்டப்பட்டது, சம்பவம் நடந்து எத்தனை ஆண்டுக்குப் பிறகு என்று கேட்டாலே வழி திறந்துவிடும். பிறகு அந்தப் புத்தகத்தையும் விசாரிக்க வேண்டும். ஊர் திரும்பிய மனிதர் நினைவிலிருந்து எழுதியது, விஞ்ஞானி ரொபேட் ஹூக்கின் உதவியோடு ஆங்கில வாசகருக்காக அச்சேறியது. கண்டி அரசனைப் பற்றி அது சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்? பதினைந்து வயதுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியில் ஒரு மணித்தியாலம் வாதாடுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்கமுடியாது.

எழுதுவதும் பழக்கத்தால் வருவதே. குறிப்பு எடுக்கும்போதே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். ஆதாரம் சொன்னதும் தான் ஊகித்ததும் ஒரே வசனத்தில் கலக்கக்கூடாது. இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால் அந்த முரண்பாட்டை மறைக்காமல் எழுதவேண்டும். “ஐரோப்பியர் வருகையும் அதன் விளைவுகளும்” என்ற தலைப்பில் இருபது பக்கம் எழுதுவதைவிட, 1795 இல் ஒல்லாந்து நாட்டின் தலைவரான ஆளுநாயகர் (Stadtholder) இங்கிலாந்துக்குத் தப்பியோடி, குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கச் சொல்லி லண்டனுக்கு அருகிலுள்ள கியூவிலிருந்து கடிதம் அனுப்பியும் திருகோணமலைக் கோட்டை ஏன் சண்டையிட்டது என்று மூன்று பக்கம் எழுதுவது மேல். முதற் பிரதியை வகுப்பில் இன்னொரு பிள்ளை வாசித்துக் கேள்வி கேட்கவேண்டும், பிறகு திருத்தி எழுதவேண்டும். நம் பாடசாலைகளில் திருத்தி எழுதுவதைத் தண்டனையாக்கி வைத்திருக்கிறோம். அது எனக்கு மிகுந்த வேதனை.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். சீனக் கடற்தளபதி செங் ஹே 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு பொறிப்பித்து, 1911 இல் காலியில் கிடைத்த கல்வெட்டு கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதப்பட்டது. சுமாத்திராவின் பாருஸில் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், சீனத்தின் குவான்சோவில் 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கின்றன. தமிழ் வாசிக்கத் தெரிந்த மாணவர் உலக வரலாற்றின் வாசலுக்கு வெறுங்கையோடு வரவில்லை. ஆங்கிலமும் படிக்கட்டும், ஒல்லாந்த மொழியைக்கூட ஒருசிலர் படிக்கட்டும். ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கையெழுத்து ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்திலும் ஒல்லாந்தர் காலப் பத்திரங்கள் இருக்கின்றன. தமிழ் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு தரம், கிழக்கு மாகாண மாணவர் எழுதும் வரலாற்று ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். அடிக்குறிப்புகளை வெட்டாமல் போடுங்கள். ஆதாரம் இல்லாத கட்டுரையைக் காரணம் எழுதித் திருப்பி அனுப்புங்கள். இங்கே ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்கள் சிலர் சனிக்கிழமைகளில் பொது நூலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் முதற் பிரதிகளை வாசித்துக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். பக்கம் எந்த மாதத்திலிருந்து கிடைக்கும் என்று நீங்கள் அறிவித்தால் அடுத்த தவணை தொடங்கும்போதே பாடசாலைகளுக்குச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.