முதலில் அறை, பிறகு வாத்தியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பகலில் மாணவர்களுக்கும் மாலையில் ஊர்மக்களுக்கும் பயன்படும்படி அரசுப் பள்ளியிலேயே ஓர் இசைக்கூடம் அமைப்பது மிக நல்ல காரியம். முன்னாள் மாணவர்கள் பணமும் தருகிறார்கள். ஆனால் வந்த பணம் முழுவதும் வாத்தியத்துக்கே போய்விடுகிறது. காலியாகக் கிடக்கும் ஒரு வகுப்பறையில் அவற்றை அடுக்கினால் கூடம் தயார் என்று நினைக்கிறோம். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றுங்கள்.

20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம், பூசிய சுவர், சிமென்ட் தரை, கான்கிரீட் கூரை. ஆளில்லாத இந்த அறையில் கைதட்டினால் ஓசை அடங்க ஏறக்குறைய 4 விநாடி ஆகும். இருபது பிள்ளைகள் உட்கார்ந்தாலும் ஒன்றரை விநாடி. 'தகதிமி' என்று மிருதங்கத்தில் நான்கு சொல் விழுவதற்குள் முதல் சொல்லின் முழக்கம் நான்காவதன் மேல் ஏறிவிடும். விரல் தவறியது பிள்ளைக்கும் கேட்காது, ஆசிரியருக்கும் கேட்காது. அதை முக்கால் விநாடிக்குக் கொண்டுவர, 2 அங்குல ராக்வூல் (பாறையிழை) பலகைகளை மரச்சட்டத்தில் பொருத்தி, பருத்தித் துணி போர்த்தி, சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளிச் சுமார் 250 சதுர அடிக்கு மாட்ட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் மாட்டினால் போதும். எதிர்ச்சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுவது நின்றுவிடும். முட்டை அட்டை வேலைக்கு ஆகாது. தெர்மாகோல் தீப்பிடிக்கும். கம்பளம் கீச்சொலியைத்தான் குடிக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற கனத்த ஓசை அப்படியே நிற்கும்.

சத்தம் வெளியே போவது வேறு பிரச்சினை. இந்தப் பலகைகள் அதைத் தடுக்கா. 9 அங்குலச் செங்கல் சுவர் நன்றாகவே தடுக்கும், ஆனால் கதவிடுக்கும் வென்டிலேட்டரும் காரியத்தைக் கெடுக்கும். சுவர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. கனமான மரக்கதவும், சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டையும், அடியில் இடைவெளியில்லாத நிலைப்படியும் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தந்து, அங்கே பகல் வரம்பை 50 டெசிபல் என்கின்றன. ஆகவே பகலில் வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் போதும். தவிலும் நாகஸ்வரமும் பள்ளி விட்ட பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு.

வாத்தியத்தை வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். வீணையில் தந்தியை அழுத்தும் 24 பித்தளை மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. மேற்கு வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் மெழுகு இளகி மெட்டு அமுங்கும், சுருதி பிசகும். மிருதங்கத் தொப்பியில் அப்பிய ரவையை வாசித்து முடித்ததும் வழித்துத் துடைக்காவிட்டால், இரவில் எறும்பும் கரப்பானும் மொய்த்துத் தோலையே அரித்துவிடும். அதற்காகவே அறை வாசலில் ஒரு குழாயும் தொட்டியும் வேண்டும். பறையின் தோலைத் தீயில் காய்ச்சி இறுக்காமல் அடிக்க முடியாது. கூரையிலிருந்து விலகி, ஒரு வாளி மணலோடு, வைக்கோல் மூட்டத் திறந்த இடம் ஒதுக்குங்கள். திட்ட வரைபடம் போடுகிறவர்கள் தவறாமல் மறப்பது இதைத்தான். மறந்தால் பறை வகுப்பே நடக்காது. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி ஆளுக்கு ஒன்று; வாய் மாற்றி ஊதக் கூடாது.

நன்கொடையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தோல் மாற்றவும் தோல்வாரை இழுத்து இறுக்கவும் தந்தி வாங்கவும் ஒதுக்கி வையுங்கள்.

மாலையில் வருகிறவர்கள் வகுப்பறைகளைத் தாண்டாமல் நுழையத் தனி வாசல், அதே பக்கம் கழிப்பறை, தனி மின் மீட்டர் மூன்றும் அவசியம். சாவி தலைமையாசிரியரிடம் மட்டும் இருந்தால் அவர் விடுப்பு எடுக்கும் நாளில் கூடமும் பூட்டியிருக்கும். இரண்டாவது சாவியைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவர் பெயரில், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதைக் குழுத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
இசைப் பயிற்றுநர்கள்,
கும்பகோணம்