முதல் பரிசோதனை அவனுக்கு

அன்புள்ள செண்பகத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் அண்ணன் மகனும் மருமகளும் ‘விசேஷம் உண்டா’ என்ற கேள்விக்குப் பயந்தே ஊர்ப்பக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். மருமகளின் ரத்தத்தில் ஏ.எம்.எச். என்ற முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன் குறைவு என்றதும் நேரே டெஸ்ட் ட்யூப் குழந்தைக்குப் போகப் பார்க்கிறார்களே, பையனுக்கு ஒரு சோதனையாவது எடுத்தார்களா?

விந்துப் பரிசோதனைதான் இருப்பதிலேயே எளியது, செலவும் குறைவு. அதைத்தான் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் லேபில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். மில்லிக்கு 1.6 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் அளவு. குறைந்தால் கதை முடிந்தது என்றில்லை, மறுபடி பார்க்க வேண்டும். ஓர் அணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். போன மாதம் அடித்த காய்ச்சல்கூட இந்த மாத ரிப்போர்ட்டில் தெரியும். இன்றைக்குச் சிகரெட்டை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடுகிறானா என்று கட்டாயம் கேள். உடம்பு ஏறும், அணு உற்பத்தி நின்றுபோகும். ‘ஆண்மை ஊசி’ என்று நினைத்துப் போட்டுக்கொள்கிறார்கள், கொடுமை.

ஏ.எம்.எச். மீதமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் காட்டும், தரத்தை அல்ல. அது குறைவு என்பதால் மட்டும் இயற்கையாகத் தங்காது என்று சொல்லிவிட முடியாது.

அவனுக்கு நைட் ஷிப்ட், அவளுக்குப் பகல் வேலை என்றாயே. கரு தங்க வாய்ப்பு மாதத்தில் ஆறே நாள்: முட்டை வெடிக்கும் நாளும் அதற்கு முந்தைய ஐந்தும். எல்லாருக்கும் பதினான்காம் நாள் என்பது தப்பு. அடுத்த தீட்டுக்குச் சுமார் பதினான்கு நாள் முன்பு என்று எண்ண வேண்டும். முப்பத்தைந்து நாள் சுழற்சிக்காரிக்கு அது இருபத்தோராம் நாள் வாக்கில் வரும். அந்த வாரம் இருவருக்கும் ஒரே ஷிப்ட் கேட்டு வாங்கட்டும். சில ஜோடிகளுக்கு மருந்தே அதுதான்.

டெஸ்ட் ட்யூப்தான் என்று முடிவானால், பத்து நாள் வாக்கில் தினமும் ஊசி, இடையிடையே காலையில் ஸ்கேன். முட்டையை முதிரவைக்கக் கடைசியில் போடும் ட்ரிக்கர் ஊசியில்தான் கோட்டை விடுகிறார்கள். அது போட்டு ஏறக்குறைய முப்பத்தாறு மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். இரவு ஆபீஸ் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போட்டால், எடுக்கும் நேரத்தில் முட்டை முதிர்ந்திருக்காது. குறித்த நேரத்துக்கு முன்னாலேயே போட்டுவிட்டால் எடுப்பதற்குள் வெடித்துப் போகலாம். நேரம் தவறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், எடுக்கும் நேரத்தை மாற்றுவார்கள். அது எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் ஊசியாக இருந்தால் அவசரப்பட்டு வீட்டில் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு வைத்துப் பார்க்கவும் கூடாது. ஊசி மருந்தே இரண்டு கோடு காட்டிவிடும்.

2021ஆம் வருடச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கிளினிக்குக்குப் பதிவு கட்டாயம்; சான்றிதழைக் கேட்டுப் பார்க்கட்டும். மிச்சக் கருவை உறையவைக்க வருடத்துக்கு எவ்வளவு என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கட்டும். ஃபோலிக் ஆசிட் இப்போதே தொடங்கலாம், டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டு.

அவன் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு. அண்ணியிடம் இதையெல்லாம் படித்துக் காட்டாதே, தெருவுக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
மீனாட்சி