கத்தியில் வரி இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் டமாஸ்கஸ் கத்திகள், அதாவது மேலே அலை அலையாக வரி தெரிகிற எஃகுக் கத்திகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் இன்று கடையில் விற்கிற டமாஸ்கஸ் கத்தியும் நம் ஊரில் அந்தக் காலத்தில் உருக்கிய எஃகும் ஒன்றுதான், அதனால் எதையும் வெட்டும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். தினமும் இருபது கிலோ வெங்காயம், பத்து கிலோ மட்டன் என்று கத்திக்கு ஓய்வே இல்லாத இடம். மூன்று வருடம் முன்பு சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா மகன், "மாமா, இந்தப் பழசையெல்லாம் தூக்கிப் போடுங்க" என்று ஜப்பான் கத்தி ஒன்றைப் பெட்டியோடு கொடுத்தான். 67 அடுக்கு டமாஸ்கஸ். ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம் போல அலை அலையாக வரி. தக்காளி மேல் வைத்தால் தன் எடையிலேயே இறங்கும். நான்காம் நாள் நான் வெளியே போயிருந்த நேரம், மாஸ்டர் அதை எடுத்து நல்லி எலும்பில் போட்டுவிட்டார். கத்தி வாயில் அரிசி அளவுக்கு இரண்டு இடத்தில் சில்லு பெயர்ந்துவிட்டது. திட்டலாம் என்று போனால் அவர் என்னைக் கேட்கிறார்: "என்னண்ணே, அவ்வளவு விலைன்னீங்க, லாரிப் பட்டைல அடிச்ச நம்ம கத்திக்கு இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே?"

நியாயமான கேள்வி. அன்றைக்குத்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த ஜப்பான் கத்தியில் வெட்டுவது வரி போட்ட இரும்பே இல்லை. நடுவில் விஜி-10 என்கிற ஒரே எஃகுத் தகடு, அதன் இரண்டு பக்கமும் 33 அடுக்கு போர்வை மாதிரி ஒட்டியிருக்கிறது. உங்கள் கட்டுரைப் படத்தையே உற்றுப் பாருங்கள், வாய் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வரியே இல்லாமல் வெறுமையாக இருக்கும். அதுதான் வெட்டுகிற பாகம். அதன் கடினம் ராக்வெல் கணக்கில் (எஃகின் கடினத்தை அளக்கிற அளவு அது) 60 பக்கம். அவ்வளவு கடினமாக, அதுவும் மெல்லிசாகத் தீட்டி வைத்தால் கூர் நாள்கணக்கில் நிற்கும், ஆனால் எலும்பில் பட்டால் வளைந்துகொடுக்கத் தெரியாமல் உடையும். லாரியின் வில்பட்டையில் அடித்த எங்கள் கத்தி அதைவிட மெத்து, வாயும் தடிமன். சாயங்காலம் மழுங்கிவிடும், கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி தயார். சரி, இதில் எது நல்ல கத்தி என்று கேட்டால் என்ன சொல்வது, வெங்காயமா நல்லியா என்பதைப் பொறுத்தது.

இனி பழைய எஃகு. கொடுமணலிலும் தெலங்கானாவின் கோனசமுத்திரத்திலும் எஃகு செய்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியது சரி. இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் போட்டு, குகை என்கிற மண் கலத்தை மூடிப் பூசி, உலையில் மணிக்கணக்காகத் துருத்தி ஊதியதை நம் பக்கத்தில் நேரில் பார்த்த வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் கரி ஏறி, சுமார் ஒன்றரை சதவீதம் கார்பன் உள்ள கட்டி கிடைக்கும். அது மேற்காசியாவுக்குப் போய் டமாஸ்கஸ் வாளானது. அந்த வாளில் தெரிந்த வரி யாரும் வரைந்ததல்ல. எஃகுக்குள்ளேயே கார்பைடு, அதாவது இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினமான துகள், வரிசையாகப் படிந்ததால் வந்தது. அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து 1990களில் அதைத் திரும்பச் செய்து பார்த்து, தாதுவில் துளியூண்டு இருந்த வனேடியம் என்ற உலோகம் மாதிரியான கலப்புதான் காரணம் என்று காட்டினார்கள். ஆக அன்றைக்கு வரியைப் பார்த்தால் எஃகின் உள்குணம் தெரிந்தது. ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கூட 1819 வாக்கில் நம் எஃகைப் போலச் செய்யப் பாடுபட்டவர்தான்.

இன்றைய வரி வேறு சங்கதி. இரண்டு விதமான எஃகை அடுக்கி, காய்ச்சி, சம்மட்டியால் ஒன்றாக்கி, மடித்து மடித்து அடித்து, கடைசியில் அமிலத்தில் முக்குகிறார்கள். நிக்கல் கலந்த அடுக்கு பளபளவென்று நிற்கும், மற்றது கறுக்கும். ஒட்டி அடிக்கிற வித்தையும் பழசுதான், ஆனால் 1973ல் வில்லியம் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் தன் கத்திகளைக் கண்காட்சியில் வைத்த பிறகுதான் அங்கே இது பெரிய மோகமானது. இந்த வரியிலிருந்து அடுக்கு இருக்கிறது என்பது தெரியும், தோய்ச்சல், அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துப் பதமேற்றுவது, சரியாகப் போட்டார்களா என்பது தெரியாது. தோய்ச்சல் தப்பினால் முன்னூறு அடுக்கு இருந்தாலும் அது தகரம்தான். சில மலிவுக் கத்திகளில் அந்த அடுக்கும் கிடையாது, லேசரில் கோடு கீறியது.

அதற்காக அடுக்குக் கத்தி எல்லாமே அலமாரிச் சாமான் என்றும் நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தில் மாஸ்டர் பட்டத்துக்குத் தேர்வு இருக்கிறது. குறைந்தது 300 அடுக்குக் கத்தியால் தொங்கவிட்ட ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச்சட்டத்தை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும், அப்புறமும் அதே வாயால் கை முடியைச் சிரைக்க வேண்டும், கடைசியில் வைஸ் என்கிற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் கடித்து 90 பாகை வளைத்தால் ஒடியக் கூடாது. வளைத்த கத்தியை யார் வாங்குவார்கள், அது தேர்வோடு முடிந்தது. இப்படி ஒரு கொல்லர் செய்த கத்தியை லட்சம் கொடுத்து வாங்கிப் பட்டுத்துணியில் சுற்றி வைப்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை, அவர் காசு. ஆனால் வரி அழகாக இருக்கிறது, ஆகவே நன்றாக வெட்டும் என்று படிக்கிறவர் நம்பிவிட்டால், எந்த எஃகு, எத்தனை ராக்வெல், யார் தோய்ச்சல் போட்டது என்று கடைக்காரரிடம் கேட்கவே மாட்டார். நானும் கேட்கவில்லை.

கத்தி என்ன ஆனது என்று கேட்பீர்கள். சாணைக்காரரிடம் கொடுத்தேன். சக்கரத்தில் வைக்காதீர்கள், சூடேறினால் பதம் போய்விடும் என்று கெஞ்சி, கல்லிலேயே தேய்க்கச் சொன்னேன். சில்லு போகிற வரைக்கும் தேய்த்து, பக்கவாட்டிலும் ஒரு தேய் தேய்த்துக் கொடுத்தார். வரி பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. தக்காளியில் வைத்துப் பார்த்தேன், முன்பு மாதிரியே இறங்கியது. இப்போது தினமும் அதில்தான் வெங்காயம் நறுக்குகிறோம். மாஸ்டர் மட்டும் அதைத் தொடுவதில்லை. போன மாதம் வந்த அக்கா மகன்தான் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது அந்தக் கத்தியே இல்லை, மாற்றிவிட்டீர்கள் என்று சாதித்தான்.

இப்படிக்கு,
மெஸ்காரர் ஒருவர்,
திண்டுக்கல்