லீஃப்ஸ் தோற்றால் வரி மீது பழி

ஸ்கார்பரோ, டொரான்டோ
2025 நவம்பர் 16

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். சித்தியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பிடித்தமா?" என்று கேட்டிருந்தீர்கள். வருமான வரி அலுவலகத்திலேயே காலம் கழித்த உங்களுக்கே மலைப்பாக இருக்கிறது பாருங்கள். இங்கே மத்திய அரசும் வருமான வரி வாங்குகிறது, ஒன்டாரியோ மாகாணமும் வாங்குகிறது. நம் ஊரில் சம்பளக்காரர் உள்ளூரில் கட்டுவது தொழில் வரி ஒன்றுதான். அதுவும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியல் சாசனமே கட்டிப்போட்டிருக்கிறது. இங்கே அந்தக் கட்டு இல்லை. உச்சத் தட்டில் இரண்டும் சேர்ந்து 53.53 விழுக்காடு. நான் அந்தத் தட்டுக்கு வெகுதூரம் கீழே இருக்கிறேன், பயப்படாதீர்கள்.

அந்தத் தட்டில் இருக்கிற ஹாக்கி வீரர்களைப் பற்றித்தான் எங்கள் அலுவலகத்தில் தினமும் வாக்குவாதம். கோவில்பட்டி மைதானத்தில் நீங்கள் கூட்டிப் போய்க் காட்டிய ஹாக்கி அல்ல. பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டு ஆடுவது. இந்த ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸ் வட அமெரிக்க ஹாக்கி லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967-இல். கனடாவின் எந்த அணியும் 1993-க்குப் பிறகு வென்றதில்லை. 2020 முதல் இந்த ஆண்டு வரை ஆறு கோப்பைகளில் ஐந்து, மாநில வருமான வரியே இல்லாத புளோரிடாவுக்கும் நெவாடாவுக்கும் போயின. எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது.

வரிக்கும் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஊதிய உச்சவரம்புதான் முடிச்சு. 2005 முதல் ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. 2025-26 பருவத்தில் அது 95.5 மில்லியன் அமெரிக்க டாலர். எல்லா அணிக்கும் ஒரே தொகை, ஆனால் வரிக்கு முந்தைய தொகை. புளோரிடாவில் 8 மில்லியன் வாங்குகிறவருக்கு அமெரிக்க மத்திய வரியின் உச்ச விகிதம் 37 விழுக்காடு. அவர் வீட்டுக்குக் கொண்டுபோவதை டொரான்டோவில் ஒருவர் கொண்டுபோக வேண்டுமானால், மேலோட்டமாகப் பார்த்தாலே சம்பளம் 10 மில்லியனைத் தாண்ட வேண்டும். அந்த மிச்சத்தில் புளோரிடா இன்னொரு நல்ல ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளும். புளோரிடா பாந்தர்ஸ் வீரர் சாம் பென்னட் கோடையில் எட்டு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 8 மில்லியன் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்த மிட்ச் மார்னர் லீஃப்ஸை விட்டு நெவாடாவின் வேகாஸ் அணிக்குப் போனதும் இதே கோடையில்தான். ஊரே எழவு வீடு போலாயிற்று.

ஆனால் கணக்கு அவ்வளவு நேர்கோடு அல்ல என்பது உங்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். ஆட்டம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரும் தன் பங்கைக் கேட்கும். கலிபோர்னியாவில் ஆடும் நாட்களுக்கு புளோரிடா வீரரும் கலிபோர்னியாவுக்கு வரி கட்டியாக வேண்டும். பருவத்தில் பாதி ஆட்டம் வெளியூரில். கனடாவுக்கும் ஒரு சந்து இருக்கிறது: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது தரும் ஊக்கத்தொகைக்கு, வீரர் அமெரிக்காவில் வசிப்பவராக இருந்தால், இரு நாட்டு வரி உடன்பாட்டின்படி கனடா 15 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்க முடியாது. ஜான் டவாரஸ் 2018-இல் லீஃப்ஸில் சேர்ந்தபோது வாங்கிய ஊக்கத்தொகைக்கு அந்த விகிதம் பொருந்தாது என்று வரித்துறை சொல்ல, அவர் வரி நீதிமன்றம் போனார். உங்கள் மேசைக்கு வந்திருந்தால் அந்த வழக்கு ஆவணங்களை நீங்கள் இரவெல்லாம் ரசித்துப் படித்திருப்பீர்கள்.

வரி இல்லாத ஊர் அணிக்குச் சலுகை இருப்பது உண்மை என்றுதான் நானும் சொல்கிறேன். அது கோப்பை வாங்கித் தரும் என்றால் மட்டும் ஒப்ப மாட்டேன். புளோரிடா பாந்தர்ஸ் அணி 1996-க்குப் பிறகு 2022 வரை, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் ஒரு சுற்றைக்கூடத் தாண்டவில்லை. அப்போதும் அங்கே மாநில வருமான வரி இல்லை. டென்னசியிலும் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. அந்த மாநிலத்து நாஷ்வில் அணி 2024-இல் பெரிய பெயர்களாக வாங்கிக் குவித்துவிட்டு அட்டவணையின் அடியில் கிடந்தது. வரி கடுமையான கலிபோர்னியாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் 2012, 2014 இரண்டிலும் வென்றது. கோனர் மெக்டேவிட் உலகின் முதல் ஆட்டக்காரர். கனடாவின் எட்மன்டனிலேயே இன்னும் இரண்டு ஆண்டு, பழைய 12.5 மில்லியனுக்கே இருக்கிறேன் என்று கடந்த மாதம் சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது நல்ல அணி.

டொரான்டோவில் ஆடுகிறவருக்கு வரியைவிடப் பெரிய தண்டனை இந்த ஊர் ரசிகர்கள் என்பது என் எண்ணம். பால் வாங்கப் போனாலும் நேற்றைய தோல்விக்கு விளக்கம் கேட்பார்கள். புளோரிடாவின் மயாமி பக்கம் ஒரு வீரர் கடற்கரையில் நடந்தால் திரும்பிப் பார்க்கும் ஆட்கள் குறைவு. இதை அலுவலகத்தில் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை.

வரி இல்லாத ஊர் அணிக்கு உச்சவரம்பைக் குறைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். உங்கள் துறைக்காரராக நீங்கள் என்ன சொல்வீர்கள்? வீட்டு வரி, தட்பவெப்பம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அப்புறம் சமன் செய்ய வேண்டாமா? விரிவாக எழுதுங்கள், சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டுகிறேன்.

தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை வங்கிக்கு அனுப்பிவிட்டேன். ரசீதை மறக்காமல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்