காதல் நாவல்களுக்கும் விமர்சனம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெண்கள் படிக்கும் காதல் நாவல்களைப் பற்றி வந்த கட்டுரை, அவற்றைப் பொழுதுபோகாதவர்களின் வாசிப்பு என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் ஊர் வாடகை நூலகத்தில் ரமணிசந்திரன் நாவல்களுக்கென்றே தனி அலமாரி உண்டு. கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து, பழுப்புத்தாள் ஒட்டிய புத்தகங்கள். எதைப் புரட்டினாலும் ஏதாவதொரு பக்க மூலையில் பென்சிலில் சின்னப் பூ, நட்சத்திரம், இனிஷியல் இருக்கும். படித்ததையே மறுபடி எடுத்துப் போய்விடக் கூடாதென்று ஒவ்வொருவரும் போட்டுவைத்த அடையாளம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர், நைட் டியூட்டி முடித்து வருகிற நர்ஸ், படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவர் இவர்களெல்லாம்தான் அங்கே வருகிறார்கள். இவர்களுக்கா பொழுது போகவில்லை? கிடைக்கிற அரை மணி நேரத்தில், நல்லபடியாக முடியும் என்று தெரிந்த கதையைத் தேடி எடுக்கிறார்கள்.

பெண்கள் பெண்களுக்காக எழுதிய கதைகள் நம்மிடம் நேற்று முளைத்தவை இல்லை. பள்ளிக்கூடமே போகாத வை.மு.கோதைநாயகி அம்மாள் தன் முதல் படைப்பைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' இதழையும் பல ஆண்டுகள் நடத்தினார். டாக்டராக இருந்துகொண்டே குடும்பக் கதைகள் எழுதிய லட்சுமிக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இதையெல்லாம் கட்டுரையாளர் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

எனக்கும் இந்த நாவல்கள் மேல் கோபம் உண்டு. அதன் காரணம் வேறு. இப்போது 'ஆன்டி ஹீரோ' கதைகள் மலிந்துவிட்டன. பழிவாங்குவதற்காகக் கதாநாயகியைக் கடத்தி வந்து தாலி கட்டுகிறான். வேலைக்குப் போகக் கூடாது என்கிறான், கன்னத்தில் அறைகிறான். கடைசி அத்தியாயத்தில் அவன் சின்ன வயதில் பட்ட துயரத்தைக் கேட்டு அவள் உருகிப்போகிறாள். எல்லாம் அன்பால் செய்தானாம்! வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் இதைப் படித்தால் அவளுக்கு என்ன தோன்றும்? இதை எழுதுபவர்களிலும் பெண்கள் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் ஒன்று சொல்ல, அவள் வெடுக்கென்று ஒன்று சொல்ல, அவன் பதில் கிடைக்காமல் சிரித்துவிடுகிற ஒரு காட்சியை நன்றாக எழுதுவது எவ்வளவு சிரமம்! அப்படி எழுதத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கதையில் அவள் சம்பளம் அவள் கையில் இருக்கும், வேண்டாம் என்று அவள் சொன்னால் அவன் விலகி நிற்பான். அதனால் காதல் ஒன்றும் குறைந்துபோவதில்லை, படிக்கிற நமக்கும் முகம் மலர்கிறது. ஆனால் நல்ல நாவலும் மோசமான நாவலும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி அட்டையோடு கிடக்கின்றன. எதை எடுப்பதென்று சொல்ல ஆளில்லை. விமர்சகர்கள்தான் அந்தப் பக்கமே திரும்புவதில்லையே.

தங்கள் இதழில் மாதம் ஒரு பக்கம் இந்த நாவல்களின் விமர்சனத்துக்கு ஒதுக்குங்கள். முழுசாகப் படித்துவிட்டு, நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றும், அடிப்பதைக் காதல் என்று எழுதியிருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்கிறவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்