சத்துவாச்சாரியில் வீடு பார்க்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மா கண் அறுவை முடிந்து நலமாக வீடு திரும்பியதைப் படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் பங்குனியிலேயே பாறையைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டது.

வேலூரில் சத்துவாச்சாரியா, காட்பாடி காந்தி நகரா, எங்கே திருட்டு குறைவு என்று கேட்டிருக்கிறாய். அம்மா பகலில் தனியாக இருப்பார்கள் என்பதால் நீ கவலைப்படுவது சரி. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே. குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு எத்தனை வழக்கு பதிவானது என்ற கணக்கு. பதிவானது மட்டுமே அதில் வரும். புகாரை வாங்கிக்கொண்டு, வழக்குப் பதியாமல், புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடும் நிலையத்தின் எண் குறைவாக இருக்கும். வந்த புகாருக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போடும் நிலையத்தின் எண் பயமுறுத்தும். நம் ஊருக்கு இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானதால், அதற்கு முந்தைய வேலூர் எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘குற்றம் குறைந்துவிட்டது’ என்று சொல்ல முடியாது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வடநாட்டிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களிடம் செல்போன் திருடினாலும் அது இந்த ஊர்க் கணக்கில் ஏறும். வகுக்கும்போது அவர்கள் தலை எண்ணிக்கையில் வரமாட்டார்கள்.

நிஜக் கணக்கு வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடு. 30 நாளில் பதில் தர வேண்டும். ‘குற்றம் எத்தனை’ என்று பொதுவாகக் கேட்காமல், சத்துவாச்சாரி, காட்பாடி, விருதம்பட்டு நிலையங்களில் மூன்று வருடத்துக்குப் பகல் கன்னக்களவு, இரவு கன்னக்களவு, வழிப்பறி, இரு சக்கர வாகனத் திருட்டு என்று பிரித்துக் கேள். ஒவ்வொன்றிலும் பதிவானது எத்தனை, கண்டுபிடித்தது எத்தனை, பொருள் மீட்டது எத்தனை என்பதையும் சேர்த்துக்கொள். பகல் களவு அதிகம் என்றால் அந்தத் தெருவில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் நிறைய இருக்கலாம். அப்படியானால் அம்மாவுக்கு அங்கே பேச்சுத்துணையும் இருக்காது.

வீடு புகுகிறவனுக்கு வேண்டியது ஆளில்லாத வீடும் பத்து நிமிடமும்தான். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனால் ராத்திரி முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும். சித்திரா பௌர்ணமி புஷ்பப் பல்லக்குக்குத் தெருவே கோட்டைப் பக்கம் போய்விடும். கோடையில் புழுக்கம் தாங்காமல் மொட்டைமாடியில் படுக்கிறவர்கள் கீழே கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவது இன்னும் ஆபத்து. ஆள் இருக்கிற வீட்டிலேயே பீரோ திறந்து கிடக்கும். மாடிக்குப் போகும்போது கீழ்க்கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். விலை கொடுத்து ஏழு லீவர் பூட்டு வாங்குவார்கள். அதை மாட்டும் அல்ட்ராப் தாழ்ப்பாளை முக்கால் இஞ்ச் ஸ்க்ரூவில் நிறுத்தியிருப்பார்கள். திருடன் பூட்டைத் தொடுவதே இல்லை. கடப்பாரையைத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் ஸ்க்ரூ மரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே ஸ்க்ரூவைக் கழற்றி, கதவை ஊடுருவும்படி 8 மி.மீ. போல்ட் நான்கு போட்டு, உள்பக்கம் ஓர் இரும்புப் பட்டை வைத்து நட்டு முடுக்கச் சொல். நிலைப்பக்கக் கொண்டிக்கும் இதையே செய். நிலை மரம் செல்லரித்திருந்தால் எந்த போல்ட்டும் நிற்காது. வீடு பார்க்கும்போதே நிலையின் அடிப்பாகத்தைத் திருப்புளியால் குத்திப் பார். தொங்கும் பூட்டு ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று தெருவுக்கே சொல்வதால், வாசலுக்குக் கதவுக்குள் பதிக்கும் பூட்டுதான் நல்லது. வாசலில் தேக்குக் கதவு, சமையலறைப் பின்பக்கம் பிளைவுட் கதவு என்று கட்டிய வீடுகள் ஏராளம். மாடிப்படி ஹெட்ரூம் கதவும் அப்படித்தான். அந்த இரண்டுக்கும் இரும்பு கிரில் கேட் வேண்டும்.

கேமராவை மூன்றாவதாக வைத்துக்கொள். முதலில் கதவு, அடுத்தது வெளிச்சம். கேமராவைப் பன்னிரண்டு அடி உயரத்தில் மாட்டினால் தலையும் தொப்பியும்தான் தெரியும். எட்டு ஒன்பது அடியில் வாசல் கேட்டைப் பார்க்கும்படி மாட்டு. 2.8 மி.மீ. லென்ஸ் முற்றம் முழுக்கக் காட்டும், தெருவில் போகிறவன் முகத்தைக் காட்டாது. அதற்கு 6 மி.மீ. வேண்டும். இரவில் சிலந்தி வலை லென்ஸுக்கு முன் பளபளத்துப் படத்தையே மறைத்துவிடும். வாரம் ஒரு முறை துடை. விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு கேமரா நாளுக்கு ஏறக்குறைய 22 ஜி.பி. எடுக்கும், நான்கு கேமராவுக்கு ஒரு டி.பி. டிஸ்க் பதினோரு நாள்தான். பதிவுப் பெட்டியை டி.வி. பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பரணில் வை, யு.பி.எஸ். இணைப்பு கொடு. கடிகாரம் சரியான நேரத்தில் ஓடுகிறதா என்று மாதம் ஒரு முறை பார். அது தப்பினால் கோர்ட்டில் குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும்.

வெளியூர் போகும்போது நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. ரோந்து வருகிறவர், வந்துபோனதற்கு அடையாளமாகப் பட்டா புத்தகம் என்ற ரோந்துக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுச் செல்வார். பால், பேப்பரை நிறுத்து.

அம்மா விடியற்காலையில் கோலம் போட உட்காரும்போது சங்கிலியைப் புடவைக்குள் விட்டு, முகம் தெருவைப் பார்த்திருக்கட்டும். வழி கேட்டு வண்டி நின்றால் எழுந்து கேட்டுக்குள் போய்விடச் சொல். சங்கிலிப் பறிப்புக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 304 என்று தனிப் பிரிவே இருக்கிறது. அந்தப் புகாருக்கு சி.எஸ்.ஆர். வாங்கித் திரும்பாதே, எஃப்.ஐ.ஆர். கேள். நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பு. அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

நகையை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எடையும் பில்லும் சேர்த்து ஒரு கவரில் உன்னிடம் வைத்துக்கொள். மீட்ட நகையைக் கோர்ட்டிலிருந்து வாங்க அதுதான் துணை. தினம் போடாத நகை லாக்கருக்குப் போகட்டும். வங்கி வளாகத்தில் திருட்டு நடந்தால் லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு தொகையை வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது.

முன்பணம் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தரமும், விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தரமும் நட. எத்தனை கம்பத்தில் விளக்கு எரிகிறது, பக்கத்துக் காலிமனையில் புதர் மண்டியிருக்கிறதா, எந்தத் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுது. நிலையைக் குத்திப் பார்க்க நானும் வருகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்