ரகசிய செட்டிங்கை விடு, முதலில் எஃப்12 அழுத்து

அன்புள்ள தம்பி கதிருக்கு,

அம்மா எழுதுவது. "ஃபயர்பாக்ஸைப் பத்து மடங்கு வேகமாக்கும் ரகசிய செட்டிங்" என்று நீ அனுப்பிய வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் படித்தேன். அதில் பாதி எப்போதோ செத்துப்போன குறிப்புகள். மீதியில் இரண்டு கெடுதலே செய்யும். போனில் சொன்னால் மெனு பெயரெல்லாம் மறந்துபோகும், அதனால் எழுதி அனுப்புகிறேன். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படி.

முதலில், அந்த ஃபார்வர்ட் ஆன் செய்யச் சொல்லும் பைப்லைனிங். ஒரு காலத்தில் அது அர்த்தமுள்ள யோசனைதான். பழைய முறையில் பிரவுசர் ஒரு ஃபைலைக் கேட்டால், அது வந்து சேர்ந்த பிறகுதான் அதே இணைப்பில் அடுத்ததைக் கேட்கும். பைப்லைனிங் போட்டால் காத்திராமல் வரிசையாகக் கேட்டுவிடும். ஆனால் கேட்ட வரிசையிலேயே சர்வர் பதில் தர வேண்டும் என்பது விதி. முதல் ஃபைல் தாமதமானால் அதன் பின்னால் நிற்பதெல்லாம் முடங்கும். நடுவழியில் நின்று கோரிக்கைகளைக் கைமாற்றும் சில ப்ராக்ஸி சர்வர்கள் பதில்களைச் சொதப்பவும் செய்தன. 2017-இல் ஃபயர்பாக்ஸ் 54-ஆம் பதிப்போடு அதைத் தூக்கியே விட்டார்கள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு எச்டிடிபி என்று பெயர். 2015-இல் வந்த அதன் அடுத்த பதிப்பான எச்டிடிபி/2 அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஒரே இணைப்பில் பல ஃபைல்கள் கலந்து வரும், எது முதலில் தயாரோ அது முதலில் வரும்.

இப்படிச் செத்த குறிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் about:config என்று தட்டினால் வரும் அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் அந்த செட்டிங்கின் பெயரைத் தேடு. பெயருக்குப் பக்கத்தில் பூலியன், நம்பர், ஸ்ட்ரிங் என்று மூன்று வட்டமும் ஒரு கூட்டல் குறியும் வந்தால், அப்படி ஒன்று பட்டியலில் இல்லை, புதிதாக உருவாக்கட்டுமா என்று கேட்கிறது என்று அர்த்தம். நீ "ட்ரூ" என்று போட்டால் பத்திரமாகச் சேமித்து வைக்கும். அதைப் படிக்கத்தான் ஆள் இருக்காது. ஏற்கெனவே எதையாவது மாற்றியிருந்தால் அந்த வரி தடித்த எழுத்தில் தெரியும். வலது ஓரத்து வளைந்த அம்புக்குறியை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

ஒரு சர்வருக்கு 6 இணைப்பு என்பதை 30 ஆக்கச் சொல்வதும் அதே ரகம். அந்த 6 என்ற வரம்பு பழைய எச்டிடிபி/1.1 தளங்களுக்குத்தான் உறைக்கும். எச்டிடிபி/2 தளத்துக்கு ஒரு இணைப்பே போதும். 30 ஆக்கினால் உன் ஹாஸ்டல் ரவுட்டர்தான் மூச்சு வாங்கும், சில சர்வர்கள் உன்னைத் தாக்குதல்காரன் என்று நினைத்துத் தடுக்கவும் கூடும். பக்கத்தை வரையுமுன் பிரவுசர் காத்திருக்கும் 250 மில்லி நொடியைப் பூஜ்யமாக்கு என்பது இன்னொன்று. இப்போதைய ஃபயர்பாக்ஸில் அது ஏற்கெனவே 5 மில்லி நொடிதான். அதிலிருந்து என்ன மிச்சம் பிடிக்கப் போகிறாய்?

கெடுதலான இரண்டில் ஒன்று, ஐபிவி6-ஐ, அதாவது இணைய முகவரிகளின் புதிய முறையை, அணைப்பது. ஜியோ மொபைல் நெட்வொர்க் பெரும்பாலும் ஐபிவி6 மேல்தான் ஓடுகிறது. பிரவுசரில் அதை அணைத்தால் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது ஒவ்வொரு இணைப்பும் முகவரி மாற்றும் கருவி வழியாகச் சுற்றிப் போகும். ஐபிவி6 சரியில்லாத இடத்தில் பிரவுசர் தானாகவே சில நூறு மில்லி நொடிக்குள் பழைய முறையான ஐபிவி4-க்கு மாறிக்கொள்ளும். அதற்காக நாம் மெனக்கெட வேண்டாம்.

இன்னொன்று, "தினமும் கேஷை அழி". இதை யார் கிளப்பிவிட்டார்களோ! கேஷ் என்பது ஏற்கெனவே இறக்கிய ஃபைல்களைப் பிரவுசர் சேமித்து வைக்கும் இடம். லோகோ, ஸ்கிரிப்ட், ஃபான்ட் போன்றவற்றை 31536000 நொடி, அதாவது ஒரு வருடம், வைத்துக்கொள் என்று பல தளங்கள் பிரவுசரிடம் சொல்லி அனுப்புகின்றன. மறுமுறை போகும்போது அவை டிஸ்கிலிருந்தே வந்துவிடும். நீ தினமும் அழித்தால் தினமும் முதல் நாள்தான். ஏதாவது ஒரு பக்கம் பழைய வடிவத்திலேயே நின்றால் அந்தப் பக்கத்தில் மட்டும் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்து. அது போதும்.

இனி உருப்படியான வேலை. எதையும் மாற்றுமுன் நேரம் எங்கே போகிறது என்று பார். குரோமில் தாமதமாகும் பக்கத்தைத் திறந்து எஃப்12, பிறகு மேலே நெட்வொர்க், பிறகு பக்கத்தை ரீலோட் செய். வரிசையாக ஃபைல்கள் விழும். கீழே எத்தனை கோரிக்கை, எத்தனை எம்பி, எத்தனை நொடி என்று வரும். முதல் வரியைக் கிளிக் செய்து டைமிங் என்ற பகுதிக்குப் போ. அங்கே உள்ள பட்டைகள்தான் முக்கியம்.

டிஎன்எஸ் லுக்கப் என்பது தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கேட்டுப் பெறுவது. அது நூறு மில்லி நொடிக்கு மேல் இருந்தால் அது நம்மால் சரிசெய்யக்கூடியது. பச்சை நிறத்தில் வெயிட்டிங் என்பது நீளமாக இருந்தால் சர்வர் யோசிக்கிறது, அல்லது தூரத்தில் இருக்கிறது. உன் லேப்டாப்பில் எதைத் திருகினாலும் அது குறையாது. கண்ணாடி இழையில் ஒளியே நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ.தான் போகும். அமெரிக்காவில் உள்ள சர்வருக்குப் போய் வரவே 200 மில்லி நொடி எளிதாக ஆகிவிடும், முதல் எழுத்து வருமுன் இப்படி இரண்டு மூன்று தடவை போய் வர வேண்டும். நீல நிற கன்டென்ட் டவுன்லோட் நீளமாக இருந்தால் ஃபைல் பெரிது, அல்லது லைன் மெதுவானது. ஸ்டால்டு நீளமாக இருந்தால் இணைப்புக்காக வரிசையில் நின்றது.

ஒரு எச்சரிக்கை. அதே பேனலில் டிஸேபிள் கேஷ் என்று ஒரு டிக் பெட்டி உண்டு. பேனல் திறந்திருக்கும்வரை கேஷே இல்லாதமாதிரி பிரவுசர் நடந்துகொள்ளும். முதல் வருகையை அளக்க டிக் போடு, அளந்ததும் எடுத்துவிடு. இல்லாவிட்டால் நல்ல தளத்தையும் மெதுவானது என்று திட்டிக்கொண்டிருப்பாய். டிஎன்எஸ்-ஐ அளப்பதானால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தபின் முதல் தடவை பார். இரண்டாவது தடவை விடை நினைவில் இருப்பதால் அந்தப் பட்டையே வராது.

செய்திப் பக்கங்களில் இதைச் செய்தால் உனக்கே விளங்கும். செய்தி சில கேபிதான். மற்றதெல்லாம் விளம்பரம், யார் பார்க்கிறார்கள் என்று எண்ணும் ஸ்கிரிப்ட், தானாக ஓடும் வீடியோ. ஒவ்வொன்றும் வேறு வேறு சர்வர், ஒவ்வொன்றுக்கும் தனி டிஎன்எஸ், தனி இணைப்பு. கொண்டுவரும் சுமையைக் குறைப்பதுதான் நிஜமான வேகம், என்னைக் கேட்டால் மற்ற செட்டிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதற்கு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனைப் போடு. குரோம் 2025-இல் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டதால் அங்கே அதன் லைட் வடிவம்தான் கிடைக்கும். அதுவும் பரவாயில்லை, ஆனால் முழு வடிவத்தின் நுணுக்கம் அதில் இல்லை. முழு வடிவத்தின் செட்டிங்ஸில் இத்தனை கேபிக்கு மேல் உள்ள மீடியாவைத் தடு என்று ஒரு பெட்டி இருக்கும், 50 என்று இருக்கும். ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் நாளில் அதைப் போட்டுக்கொள். வேண்டிய படத்தைக் கிளிக் செய்தால் மட்டும் அது வரும்.

ரிமோட் ஃபான்ட்டைத் தடுக்கும் வசதியும் அதிலேயே உண்டு. தமிழ்த் தளங்கள் பலவும் தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்குகின்றன. தடுத்தால் விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துருவில் செய்தி உடனே தெரியும், பார்க்கக் கொஞ்சம் அழகு குறையும். ஆனால் பொத்தான் படங்களையே எழுத்துருவாக வைத்திருக்கும் தளங்களில் அம்புக்குறி, மெனு, தேடல் எல்லாம் வெறும் கட்டங்களாகிவிடும். அதனால் எல்லாத் தளத்துக்கும் தடுக்காதே. எக்ஸ்டென்ஷன் ஐகானைக் கிளிக் செய்து அந்தத் தளத்துக்கு மட்டும் தடு.

பேங்க் பக்கமோ ரயில் டிக்கெட் பக்கமோ பணம் கட்டும் இடத்தில் நின்றுபோனால், அதே ஐகானில் உள்ள பெரிய பவர் பட்டனை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துவிட்டு ரீலோட் செய். பணம் கட்டும் பாதியில் ரீலோட் வேண்டாம், முதலிலிருந்து தொடங்கு. தானாக ஓடும் வீடியோவுக்கு ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழே பெர்மிஷன்ஸ், ஆட்டோப்ளே. அங்கே ஆடியோ, வீடியோ இரண்டையும் தடு.

அடுத்து டிஎன்எஸ். லுக்கப் நேரம் அதிகமாக இருந்தால் மட்டும் இதைத் தொடு. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ். அதில் டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் பக்கத்தில் எடிட், பிறகு மேனுவல், ஐபிவி4 ஆன். முதலாவதாக 1.1.1.1, இரண்டாவதாக 1.0.0.1, இரண்டும் கிளவுட்ஃபிளேர் கம்பெனியுடையவை. கூகுளுடையது வேண்டுமானால் 8.8.8.8, 8.8.4.4. மாற்றியபின் மறுபடி அளந்து பார், ஏனென்றால் சில சமயம் இது திருப்பி அடிக்கும். பெரிய வீடியோ தளங்கள் உன் இன்டர்நெட் கம்பெனிக்கு உள்ளேயே வீடியோக்களின் நகல் உள்ள சர்வர் பெட்டி வைத்திருக்கும். அந்தக் கம்பெனியின் டிஎன்எஸ் பக்கத்தில் உள்ள பெட்டியைக் காட்டும். நீ எந்த நெட்வொர்க்கில் இருக்கிறாய் என்பதை 1.1.1.1 வெளியே சொல்லாது, அதனால் தூரத்துப் பெட்டி கிடைக்கலாம். செய்தித் தளம் வேகமாகி வீடியோ திணறினால் காரணம் இதுதான், பழையதற்கே திரும்பு. ஹாஸ்டல் வைஃபையின் லாகின் பக்கம் வராமல் போனாலும் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, லாகின் செய்துவிட்டு, மறுபடி மாற்றிக்கொள்.

உன்னுடையது 4 ஜிபி லேப்டாப். நெட் மெதுவாக இருக்கிறது என்று நீ சொல்வதில் பாதி நெட்டே இல்லை என்பது என் சந்தேகம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார். மெமரி 90 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100 என்று இருந்தால், இடம் போதாமல் விண்டோஸ் மெமரியில் உள்ளதை டிஸ்குக்கும் அங்கிருந்து இங்குமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. 2018 முதல் குரோம் பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி ப்ராசஸில் (தனி நிரல் ஓட்டத்தில்) வைக்கிறது, அதனால் டேப் கூடினால் மெமரி கரையும். குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கே தனி டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் பெரியது மேலே வரும். எக்ஸ்டென்ஷன் என்று தொடங்கும் வரிகளைக் கவனி, நீ மறந்துபோன கூப்பன் தேடும் எக்ஸ்டென்ஷன் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும்.

பிறகு செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், மெமரி சேவர் ஆன். தொடாத டேபை அது தூங்க வைக்கும். திரும்பிப் போனால் பக்கம் புதிதாக லோட் ஆகும், அதற்கு டேட்டா செலவு உண்டு. ஆபீஸ் மெயில் போன்றவற்றை எப்போதும் விழித்திருக்கும் பட்டியலில் சேர்த்துவிடு. அதே பக்கத்தில் ப்ரீலோட் பேஜஸ் என்று ஒன்று: நீ அடுத்து எதைக் கிளிக் செய்வாய் என்று ஊகித்து முன்கூட்டியே இறக்கும். வைஃபையில் ஸ்டாண்டர்டு போதும், ஹாட்ஸ்பாட்டில் அணைத்துவிடு. ஸ்க்ரோல் செய்யும்போது மட்டும் வெட்டி வெட்டி வந்தால் சிஸ்டம் பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை மாற்றிப் பார்.

இந்த ஞாயிறு இவற்றில் முதலாவதாக டாஸ்க் மேனேஜரையும் எஃப்12-ஐயும் மட்டும் செய். ஆபீஸ் போர்ட்டல், செய்தித் தளம், யூடியூப் மூன்றுக்கும் டைமிங் பட்டையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு. மெமரி எத்தனை சதவீதம் என்பதையும் எழுது. ரேம் போதாதுதான் என்றால் அந்த மாடலில் கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து அப்பாவிடம் சொல்லி வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: விளம்பரத் தடுப்பான் ஒன்றே போதும். இரண்டு போட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் இரண்டு சல்லடையில் விழும். எந்தத் தளமாவது உடைந்தால் எது உடைத்தது என்றும் தெரியாது.